கூடுதல் விளக்கு பொருத்தலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கார்களில் கூடுதலாக விளக்குப் பொருத்துவது தொடர்பாக வந்துள்ள கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

பத்தாண்டுப் பழைய சிறிய கார் ஒன்று வைத்திருக்கிறேன். வேலை முடிந்து இரவில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நெடுஞ்சாலையில் போக வேண்டியிருக்கிறது. முகப்பு விளக்கின் வெளிச்சம் போதவில்லை. முன் பம்பரில் இரண்டு விளக்குகளைப் போட்டுத் தருவதாக எலக்ட்ரீஷியன் சொல்கிறார். சட்டம் இதற்கு இடம் தருகிறதா?
- ஒரு வாசகர், ஓசூர்

எந்த வகை விளக்கு என்பதைப் பொறுத்தே விடை அமையும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 105ஆம் விதி, கார் போன்ற நான்கு சக்கர வாகனங்களுக்கு இரண்டு அல்லது நான்கு முகப்பு விளக்குகள் இருக்க வேண்டும் என்றும், அவை 155 மீட்டர் தொலைவில் உள்ள ஆட்களையும் வாகனங்களையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும் கூறுகிறது. 111ஆம் விதி, வாகனத்தின் முன்புறத்தில் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கான சூழ்நிலைகளில் பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மட்டுமே அதற்கு இடமுண்டு. ஆகவே, தொலைதூரத்துக்குக் குவிந்து பாயும் இரண்டு விளக்குகளை உங்கள் எலக்ட்ரீஷியன் பம்பரில் முடுக்கித் தருவாரானால், அது விதியை மீறிய மாற்றமாகவே கருதப்படும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வாகன உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பொருத்திக் கொடுத்த கடைக்காரர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

முன்புற ஃபாக் லேம்ப் எனப்படும் பனி விளக்குகளின் நிலை வேறு. அவை ஒரு ஜோடி இருக்கலாம். உங்கள் காரின் விலை கூடிய மாடலில் நிறுவனமே பனி விளக்கைக் கொடுத்திருந்து, உங்கள் மாடலில் அந்த இடம் பிளாஸ்டிக் மூடியால் அடைக்கப்பட்டிருந்தால், அதே நிறுவனத்தின் அசல் விளக்கையும் வயரிங்கையும் அங்கே பொருத்துவதே சிக்கலற்ற வழி. ஆனால் நெடுஞ்சாலையில் தொலைவைப் பார்க்கும் உங்கள் தேவைக்கு அது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பனி விளக்கு அகலமாகவும் தாழ்வாகவும் பரவுவது. வண்டிக்கு முன்னால் சில மீட்டர் தரையைப் பளிச்சென்று காட்டும். அருகில் இவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். தொலைவு முன்பைவிட இருட்டாகத் தெரியும்.

உண்மையில், பத்தாண்டு ஓடிய காரில் கூடுதல் விளக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன், இருக்கும் விளக்கு ஏன் மங்கியது என்று பார்ப்பதே முறை. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, முகப்பு விளக்கின் பாலிகார்பனேட் கண்ணாடி வெயிலில் மஞ்சளித்துப் புகைபடிந்தது போல் ஆவது. பாலிஷ் செய்து மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுத்தால் வெளிச்சம் வெகுவாக மீளும்; உட்புறத்து ரிஃப்ளெக்டரே கறுத்திருந்தால் விளக்குத் தொகுதியை மாற்றுவது தவிர வழியில்லை. இரண்டாவது, பல்புக்குப் போதிய மின்னழுத்தம் போய்ச் சேராதது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் இருந்து, பல்பில் செருகும் இணைப்பான கப்ளரில் 12.5 மட்டுமே காட்டினால், பழுது வயரிலோ ஸ்விட்சிலோ எர்த்திலோ இருக்கிறது என்று பொருள். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த எலக்ட்ரீஷியனும் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லக்கூடியது இது.

மூன்றாவது காரணம் விளக்கின் கோணம் கலைந்திருப்பது. இதை நீங்களே சோதிக்கலாம். டயர்களில் சரியான காற்று இருக்க, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர, சமதளத்தில் சுவருக்கு நேரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் கோடாக இழுத்துக்கொண்டு, டிம்மில் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது ஓரத்தில் மட்டும் அது மேல்நோக்கி ஏறும். சுவரில் அரை மீட்டர் கீழே விழுகிறதென்றால் உங்கள் விளக்கு இருபது மீட்டருக்குள் தரையில் முடிந்துவிடுகிறது. எத்தனை புதுப் பல்பு போட்டாலும் நெடுஞ்சாலை இருட்டாகவே இருக்கும். ஸ்டியரிங்குக்கு அருகில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னால் பாரம் ஏற்றும்போது வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்கான அது, யாரோ திருப்பிவைத்து 3இலேயே நின்றுபோன கார்கள் பல உண்டு.

ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டேன். எனக்கு வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் நான் டிம்மிலேயே போனாலும் எதிரே வருகிறவர்கள் பிரைட் அடித்து எச்சரிக்கிறார்கள். பல்பில் குறையா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

குறை பல்பில் மட்டும் இல்லை. அதை உட்காரவைத்த இடத்தில் இருக்கிறது. எச்-4 எனப்படும் ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், உள்ளே இரண்டு இழைகள் இருப்பதும், அவற்றுள் டிம்முக்கான இழையின் அடியில் சிறு கரண்டி போன்ற உலோகத் தகடு இருப்பதும் தெரியும். கீழ்ப்பக்க ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் படாமல் அந்தத் தகடு தடுப்பதால்தான் மேல்நோக்கிப் போகக்கூடிய ஒளி வெட்டப்பட்டு, எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே ஒரு கூர்மையான விளிம்பு கிடைக்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை சரியாக அந்த இடத்தில் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. எல்.இ.டி. பல்பிலோ பட்டையான சில்லுகள் இரண்டு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். நடுத்தண்டின் தடிமனால் ஒளி புறப்படும் இடமே ஓரிரு மில்லிமீட்டர் விலகிவிடும். அந்த விலகல் போதும், சாலைக்குப் போக வேண்டிய ஒளி மரத்தின் மேலும் எதிர்வண்டியின் கண்ணாடியிலும் சிதறுவதற்கு.

விதி 106 இதைத்தான் அளந்து சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்திருக்கும் ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாதபடி ஒளிக்கற்றை கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். எத்தனை வாட், எத்தனை லூமன் (ஒளியின் அளவு) என்பதைவிட ஒளி எங்கே விழுகிறது என்பதே இங்கு கேள்வி. உங்கள் எல்.இ.டி. பல்பைச் சுவர்ச் சோதனையில் வைத்துப் பாருங்கள்; கூர்மையான விளிம்புக்குப் பதிலாக மேலே புகைபோல் ஒளி படர்ந்தால், எதிரே வருபவர்கள் வீணாகக் கோபப்படவில்லை.

சென்ற தலைமுறையின் எச்.ஐ.டி. (இழைக்குப் பதிலாக வாயுவில் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் செனான் விளக்கு) கிட்டுகளுக்கும் இதே குற்றச்சாட்டுதான். அவற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தும்போது, ஐரோப்பிய விதிகளின்படி 2,000 லூமனுக்கு மேல் போகும் விளக்குகளுக்குத் தானாகக் கோணம் சரிசெய்யும் கருவியும் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் கட்டாயம். சேறு படிந்த கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கும் என்பதே காரணம். கடையில் வாங்கும் பெட்டிக்குள் இவை இரண்டும் இருப்பதில்லை.

பலரும் கேட்கும் 100/90 வாட் ஹாலஜன் பல்பும் தவிர்க்க வேண்டியதே. முறையான எச்-4 பல்பு 60/55 வாட்; பிரைட்டில் ஒரு பல்பு சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மின்னோட்டத்துக்குத் திட்டமிடப்படாத வயரும் ஹோல்டரும் சூடேறி இளகும். கழற்றும்போது கப்ளர் பழுப்பேறிப் பல்போடு ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போட்டுக்கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டுச் சந்தைக்கான, வில்லையால் ஒளியைக் குவிக்கும் புரொஜெக்டர் விளக்குகளை இணையத்தில் வாங்குபவர்கள், கண்ணாடியில் அச்சிட்ட குறிகளைப் பார்த்து வாங்க வேண்டும். ஐரோப்பிய முறைக் குறியீட்டில், இடப்பக்கப் போக்குவரத்துக்கான முகப்பு விளக்கில், அதை நேரெதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பே இல்லையென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அதன் ஒளி ஏறுமுகமாகப் பாய்வது நம் சாலையில் எதிர்வண்டி வரும் பக்கத்தில்.

கொடைக்கானல் மலைப்பாதையில் அடிக்கடி பனிமூட்டத்தில் ஓட்ட நேர்கிறது. மஞ்சள் பனி விளக்கா, வெள்ளையா, எது நல்லது? நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?
- ஒரு வாசகர், வத்தலக்குண்டு

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை நெடுநாளாக இருந்துவருகிறது. நீல ஒளி அதிகம் சிதறும் என்பது காற்றின் மூலக்கூறுகளைப் பொறுத்தவரை உண்மை. வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். ஆனால் பனிமூட்டத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று சிலர் சொல்வதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பனி விளக்கின் பயன் நிறத்தில் இல்லை, பொருத்திய உயரத்திலும் ஒளியின் தட்டையான வடிவிலும் இருக்கிறது. பனிமூட்டம் தரையை ஒட்டிச் சற்று மெல்லியதாக இருப்பது வழக்கம். அதற்குள் தாழ்வாகப் பாயும் ஒளி உங்கள் கண்ணுக்கு நேரே திரும்பி வருவதில்லை. அதனால்தான் கார்களில் பனி விளக்கு தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 800 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், டிம் விளக்கைவிட உயரமாக இல்லாமலும் இருக்க வேண்டும் என்று தரநிலை வகுத்திருக்கிறார்கள். கூரையிலோ பானட்டிலோ பொருத்தியது எந்த நிறமானாலும் பனி விளக்கு ஆகாது. முன்னால் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் எழுப்பும். பிரைட் போட்டாலும் அதேதான் நடக்கும். டிம்மும் பனி விளக்கும் சேர்ந்து எரிய, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டையோ தடுப்புச் சுவரையோ பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்வதே வழி. பனி விலகியதும் அவற்றை அணைத்துவிட வேண்டும்.

பின்புறத்துச் சிவப்புப் பனி விளக்கு உங்கள் காரில் இருந்தால், அதை அணைப்பதில் இன்னும் கவனம் வேண்டும். அதன் ஒளி பிரேக் விளக்குக்கு நிகரானது. தெளிந்த இரவில் அது எரிந்துகொண்டே இருந்தால் பின்னால் வருபவருக்குக் கண் கூசும். நீங்கள் பிரேக் பிடிப்பதும் எடுத்துத் தெரியாது.

ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவை ஒருசேர மின்னினால் அந்த வண்டி நின்றுவிட்டது அல்லது இழுத்துச் செல்லப்படுகிறது என்றே பின்னால் வருபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நகரும் வண்டியிலும் நிற்கும் வண்டியிலும் ஒரே குறி மின்னினால், கொண்டை ஊசி வளைவில் உண்மையிலேயே பழுதாகி நிற்கும் லாரியை எப்படி அடையாளம் காண்பது? திரும்பும் பக்கத்தைக் காட்டவும் பெரும்பாலான கார்களில் முடியாமல் போகும். நாற்சந்தியில் நேரே போவதைக் காட்ட நான்கையும் போடும் பழக்கமும் அப்படியே: பக்கத்துச் சாலையில் நிற்பவருக்கு உங்கள் ஒருபக்க விளக்கு மட்டுமே தெரியும், நீங்கள் திரும்பப்போகிறீர்கள் என்று நம்பி அவர் வண்டியை எடுத்துவிடுவார்.

எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறோம். கூரையில் எல்.இ.டி. பார் பொருத்தியிருக்கிறேன். தார்ச்சாலையில் போடுவதே இல்லை. அப்படியும் பிடிப்பார்களா?
- ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பிடிக்கலாம். 111ஆம் விதி பொருத்துவதையே தடுக்கிறது. எரியவிடுவதை மட்டும் அல்ல. மூடி போட்டிருக்கிறேன், ஃபியூஸைக் கழற்றிவிட்டேன் என்பன உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டுமே தவிர, விதியிலிருந்து விலக்குப் பெற்றுத் தராது. தோட்டத்துக்குள் உண்மையான தேவை இருக்கிறதென்றால், அதே விதியில் சொல்லியிருக்கும் வழியை நாடுங்கள்: தேவையை விளக்கி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால், தோட்டத்துக்குப் போனபின் மாட்டி, திரும்பும்போது கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளும்படி காந்த அடியுடனோ விரைவாகக் கழற்றும் தாங்கியுடனோ வரும் வேலை விளக்கைப் பயன்படுத்தலாம்.

கூரை விளக்கின் தொல்லை எதிரே வருபவருக்கு மட்டும் இல்லை. அதன் ஒளி உங்கள் பானட்டிலேயே பட்டுக் கண்ணாடிக்குள் திரும்பும். மழைத்தூறலில் ஒவ்வொரு துளியும் கண் முன்னால் மின்னும். காட்டையொட்டிய பாதைகளில் யானையின் முகத்தில் அந்த ஒளியை அடிப்பது என்ன விளைவைத் தரும் என்பதைப் போடிப்பக்கத்துக்காரருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

உறவினர் ஒருவர் கட்சிப் பொறுப்பில் இருக்கிறார். காரின் முன் கிரில்லில் நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்கு வைத்திருக்கிறார். எல்லோரும் வைக்கிறார்கள் என்கிறார். சரியா?
- ஒரு வாசகி, சென்னை

சரியில்லை. முன்புறம் சிவப்பு ஒளி காட்டக் கூடாது, பின்புறம் சிவப்பல்லாத ஒளி காட்டக் கூடாது என்பதே 108ஆம் விதியின் அடிப்படை; இண்டிகேட்டரின் அம்பர், நம்பர் பிளேட்டின் வெள்ளை, ரிவர்ஸ் விளக்கு போன்றவை விலக்குகள். 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களில்கூடச் சுழல்விளக்கு கிடையாது. சுழலும் மின்னும் விளக்குகள் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் போன்ற அவசரப் பணிகளுக்கானவை. வண்டிக்கு அடியில் ஊதா, பச்சை என்று எரியும் பட்டை விளக்குகளைப் பற்றிக் கேட்டிருந்த மதுரை வாசகருக்கும் இதையே பதிலாகச் சொல்லிவிடுகிறோம்.

பிரேக் பிடித்தால் படபடவென்று மின்னும் விளக்குப் போட்டிருக்கிறேன். பின்னால் வருபவர்கள் கவனிப்பார்கள் அல்லவா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

கவனிப்பார்கள், என்ன என்றுதான் புரியாது. பிரேக் விளக்கு நிலையாக எரிய வேண்டும்; மின்னுவது இண்டிகேட்டரின் வேலை. அந்த இண்டிகேட்டருக்கும் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்று வரம்பு இருக்கிறது. சில புதிய கார்கள் அதிவேகத்தில் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது மட்டும் விளக்கைத் துடிக்கவைக்கின்றன. அது தொழிற்சாலையில் வேகத்தையும் வேகக்குறைவையும் அளந்து செய்த ஏற்பாடு. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மின்னும் கடைச்சரக்கு அதுவாகாது.

எதிரே வருபவர் டிம் செய்ய மறுத்தால், நம்மிடம் இருக்கும் எல்லா விளக்கையும் போட்டுப் பதிலடி கொடுப்பதில் என்ன தவறு? முகப்பு விளக்கின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது பயன்படுமா?
- ஒரு வாசகர், விழுப்புரம்

கோபம் நியாயமானது, தீர்வு ஆபத்தானது. இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் கண் கூசி, மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒருவரை ஒருவர் கடக்கும்போது, வினாடிக்கு 22 மீட்டர் வீதம் இருவருமே பார்வையின்றி ஓடுகிறார்கள். விளக்கில்லாத மாட்டு வண்டியோ சாலையோரம் நடந்து போகிறவரோ சிக்குவது அந்த ஓரிரு வினாடியில்தான். ஒருமுறை டிம் அடித்து நினைவூட்டுங்கள். கேட்கவில்லையென்றால் வேகத்தைக் குறைத்து, பார்வையை எதிர்விளக்கிலிருந்து விலக்கி, இடது ஓரக் கோட்டில் வையுங்கள். பின்னால் பிரைட்டோடு வருபவரின் தொல்லைக்கு, உட்கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறு நெம்புகோலைத் தள்ளினால் போதும். பலர் அது எதற்கென்று தெரியாமலே வண்டியை விற்றுவிடுகிறார்கள். நீங்களும் வேறொரு வண்டியின் பின்னால் நெருங்கிச் செல்லும்போதும், தெருவிளக்கு நன்றாக இருக்கும் ஊருக்குள்ளும் டிம்மில்தான் ஓட்ட வேண்டும்.

கருப்பு ஸ்டிக்கரைப் பொறுத்தவரை, காவல்துறையினர் சாலையில் வண்டிகளை நிறுத்தி ஒட்டிவிடுவதன் நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டோம். பழைய வட்டவடிவ விளக்குகளின் காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. ஆனால் எச்-4 பல்பின் நுனியிலேயே நேரடி ஒளியைத் தடுக்கும் கருப்புப் பூச்சு இருக்கிறது. கண்ணைக் கூசவைப்பது கோணம் தவறிய ரிஃப்ளெக்டரின் ஒளி. அதன் நடுவில் ஓர் அங்குல ஸ்டிக்கரை ஒட்டினால் டிம்மிலும் பிரைட்டிலும் கொஞ்சம் வெளிச்சம் குறையுமே தவிர, கோணம் மாறாது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு திருகு திருப்புவது இதைவிடப் பயன் தரும்.

கூடுதல் விளக்குப் பொருத்தினால் காப்பீடு செல்லாதா?
- ஒரு வாசகர், ஈரோடு

காப்பீடு முழுவதும் செல்லாமல் போய்விடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நிறுவனம் கொடுக்காத மின் உபகரணங்களைப் பொருத்தினால், அவற்றின் மதிப்பைத் தெரிவித்து, அதில் 4 சதவீதத்தைக் கூடுதல் பிரீமியமாகச் செலுத்திப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு வெகுகாலமாக உண்டு. தெரிவிக்காமல் பொருத்திய விளக்குக்கு இழப்பீடு கிடைக்காது. வயரிங்கை வெட்டி இணைத்த இடத்திலிருந்து தீப்பிடித்தது என்று காப்பீட்டு ஆய்வாளர் எழுதிவிட்டால், விளக்குக்கு மட்டுமின்றி வண்டிக்கான இழப்பீட்டுக் கோரிக்கையும் தகராறில் சிக்கலாம். நிறுவனத்தின் வாரண்டியும் மின் பகுதிகளைப் பொறுத்தவரை மறுக்கப்படலாம். பிரீமியம் கட்டி ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கு என்பதாலேயே அது மோட்டார் வாகன விதிகளுக்கு உட்பட்டதாகிவிடாது என்பதையும் கவனியுங்கள். காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது விலையை, வாகன ஆய்வாளர் பார்ப்பது விதியை. அனுமதிக்கப்பட்ட பனி விளக்கையே பொருத்துவதானாலும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் தனி ஃபியூஸ், ரிலேயோடு பொருத்தி, பாகத்தின் எண் குறிப்பிட்ட ரசீதை வாங்கி, அதன் நகலைப் பாலிசியைப் புதுப்பிக்கும்போது முகவரிடம் கொடுத்துவிடுங்கள்.